பிள்ளையின் சுபாவம் அறிந்து நடத்தல்: முன்பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போருக்கான படிமுறை வழிகாட்டி

முன்பள்ளி ஆசிரியர்களுக்கான செயலமர்வுகளில் கேள்வி நேரம் வந்ததும் முதலில் எழுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஓரிடத்தில் இராத பிள்ளையை எப்படி இருத்துவது? வகுப்பின் ஓரத்தில் ஒரு சொல்லும் பேசாமல் மாதக்கணக்காக இருக்கும் பிள்ளையைப் பற்றி எவரும் கேட்பது அரிது. அந்தப் பிள்ளை யாருக்கும் தொல்லை தருவதில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு ‘நல்ல பிள்ளை’ என்ற பெயரும் கிடைத்துவிடுகிறது. இவ்விரு பிள்ளைகளையும் ஆசிரியை சரியாகப் பார்க்கவும், பார்த்ததற்கேற்பத் தன் நடத்தையையும் அன்றைய ஒழுங்கையும் மாற்றவும் பழக்குவதே இங்கு கூறப்படும் பயிற்சியின் நோக்கமாகும். வளவாளர்களும், சனசமூக நிலையங்கள், ஆலயங்கள், மாதர் சங்கங்கள் ஆகியவற்றின் சார்பில் முன்பள்ளிகளை நடத்தும் குழுவினரும் இதனைப் பயன்படுத்தலாம்.

தொடங்குமுன் வளவாளர் அறிந்திருக்க வேண்டியவை

சுபாவம் என்று இங்கே கூறப்படுவது, வளர்ப்பினால் வந்த பழக்கத்தையோ ஒழுக்கத்தையோ குறிப்பதன்று. புதியதொன்றை எதிர்கொள்ளும்போது பிள்ளை எவ்வளவு விரைவாக, எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது, பின் எப்படி அமைதியடைகிறது என்ற, கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரியத் தொடங்கும் இயல்பையே அது குறிக்கும். 1956 இல் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்ரெலா செஸ் என்னும் உளமருத்துவத் தம்பதியர் தொடங்கிய ஆய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலிருந்து வளர்ந்தோராகும்வரை பின்தொடர்ந்தது. அதிலிருந்து ஒன்பது கூறுகள் வகுக்கப்பட்டன. பிள்ளைகளில் ஏறத்தாழ 40 வீதத்தினர் எளிதாக இசைந்து போகிறவர்கள் என்றும், 15 வீதத்தினர் மெல்ல மெல்லப் பழகுகிறவர்கள் என்றும், 10 வீதத்தினர் கையாளக் கடினமானவர்கள் என்றும், எஞ்சிய 35 வீதத்தினர் இம்மூன்று வகைகளுள் எதிலும் சேராதவர்கள் என்றும் அவர்கள் கண்டனர்.

பயிற்சியில் இந்த வீதங்களைவிட முக்கியமானது அவர்களின் இன்னொரு முடிவு. ஒரு பிள்ளைக்குச் சிக்கல் உண்டாவது அதன் சுபாவத்தினால் மட்டுமன்று. அச்சுபாவத்துக்கும் சூழல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இல்லாமற் போவதனாலேயே ஆகும். எனவே ஆசிரியை திருத்தக்கூடிய பக்கம் ஒன்று எப்போதும் இருக்கிறது. முழுப் பயிற்சியையும் தாங்கி நிற்பது இக்கருத்தே என்பதால், ஆசிரியைகள் இதனைச் சொந்த வார்த்தையில் சொல்லக் கூடியவர்களாகும்வரை வளவாளர் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

முதற் படி: பயிற்சியின் அமைப்பு

ஒரு நாள் முழுவதும் மண்டபத்தில் இருத்தி, திரையில் படங்களைக் காட்டிச் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் முறை இவ்விடயத்துக்கு உதவாது. கேட்டவற்றை வகுப்பிலே செய்து பார்த்து, சரிவராததைத் திரும்பக் கொண்டுவந்து பேசுவதற்கு இடைவெளி தேவை. ஒரு தவணைக்குள் ஐந்து அரைநாட் சந்திப்புகளை இரு கிழமைக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. பன்னிரண்டு முதல் பதினாறு பேர்வரை போதும். ஒரே முன்பள்ளியிலிருந்து இருவர் வரவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒருவர் வகுப்பை நடத்த மற்றவர் அவதானிக்க வேண்டியிருக்கும் என்பதோடு, ஒருத்தி மட்டும் புதிய முறையைக் கொண்டுபோனால் அது ஒரு மாதத்துக்குள் அடங்கிப்போகும்.

முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்பது எல்லாரும் அறிந்ததே. சனிக்கிழமை அரைநாளைத் தருகின்ற ஒருத்திக்குப் பஸ் செலவையும் தேநீரையுமாவது கொடுக்காமல் ‘அர்ப்பணிப்பு’ பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இரண்டாம் படி: தீர்ப்புச் சொல்லாமல் பார்த்து எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. முதற் சந்திப்பின் தொடக்கத்தில், தம் வகுப்பில் மனதை அலைக்கழிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி ஐந்து வரி எழுதுமாறு ஒவ்வொருவரையும் கேட்கவும். “சரியான குழப்படி”, “அடம்”, “ஒருத்தரோடையும் சேராது”, “தாய் செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டா” என்றவாறான வரிகளே வரும். அவற்றைக் குறைகூறாமல், ஒரு கேள்வியை மட்டும் கேட்கவும்: இவ்வரியை வாசிக்கும் இன்னொருவருக்குப் பிள்ளை செய்தது என்னவென்று தெரியுமா? அநேகமாகத் தெரியாது. எழுதியவரின் களைப்பு மட்டுமே அவற்றில் தெரியும்.

அடுத்து, பார்த்ததை மட்டும் எழுதிய குறிப்பு ஒன்றை வாசித்துக் காட்டவும். மாதிரிக்கு:

“காலை 8.20. பிள்ளைகள் வட்டமாக நின்று பாடுகிறார்கள். அவள் வட்டத்துக்கு வெளியே, தூணருகே நிற்கிறாள். வாய் அசையவில்லை. வலது பெருவிரல் சட்டைக் கரையில் தட்டுகிறது. தட்டுவது பாட்டின் தாளத்துக்கே. பாட்டு முடிந்து மற்றவர்கள் கலைந்தபின், தூணின் மறுபக்கம் போய், கடைசி வரிக்குரிய கையசைவை ஒருமுறை செய்கிறாள். நான் பார்க்கிறேன் என்று கண்டதும் கையை இறக்கிவிட்டாள்.”

இதே பிள்ளையைத்தான் முதற் குறிப்பில் ஆசிரியை “பாட்டிலை சேராது” என்று எழுதியிருப்பார். உண்மையில் அவள் சேர்ந்திருக்கிறாள்; தன் வேகத்தில், தன் தூரத்தில் நின்று சேர்ந்திருக்கிறாள். இந்த வேறுபாட்டை ஆசிரியைகள் தாமே கண்டு சொல்லும்வரை வளவாளர் வாய்மூடி இருப்பது நல்லது. நாமே விளக்கிவிட்டால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுவேலையாக, ஒரே பிள்ளையை ஒரு கிழமைக்குள் மூன்று வெவ்வேறு வேளைகளில் பத்துப் பத்து நிமிடம் அவதானித்து எழுதச் சொல்லவும். காலையில் வந்து சேரும் நேரம், சுயமாக விளையாடும் நேரம், விளையாட்டை நிறுத்திக் கைகழுவிச் சாப்பிட இருக்கும் நேரம் ஆகிய மூன்றும் அவசியம். சுபாவம் தெளிவாகத் தெரிவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவேளைகளில்தான். ஒவ்வொரு குறிப்பிலும் நடந்ததற்குச் சற்று முன் என்ன நிகழ்ந்தது, அதன்பின் வளர்ந்தோர் என்ன செய்தனர் என்ற இரண்டும் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரை எழுதாமல் ஓர் எழுத்தைக் குறியாக வைக்கப் பழக்கவும். குறிப்புப் புத்தகத்தைப் பெற்றோர் வந்து போகும் மேசையில் விட்டுவைக்கவும் கூடாது.

மூன்றாம் படி: ஒன்பது கூறுகளை நம்மூர்க் கேள்விகளாக்குதல்

தோமஸ், செஸ் வகுத்த கூறுகளை அட்டவணையாகக் கொடுத்தால் மனனம் செய்துவிடுவார்கள். கேள்விகளாகக் கொடுத்தால் தேடிப் பார்ப்பார்கள். உடல் எவ்வளவு அசைந்துகொண்டே இருக்கிறது? பசியும் தூக்கமும் ஒரே நேரத்துக்கு வருகின்றனவா? புதிய ஆள், புதிய விளையாட்டுப் பொருள், புதிய உணவு வந்தால் பிள்ளை முன்னே போகிறதா, பின்வாங்குகிறதா? முதலிற் பின்வாங்கினாலும், இரண்டாம் மூன்றாம் முறையில் இசைகிறதா? சிரிப்பும் அழுகையும் மெலிதாக வருகின்றனவா, முழுப் பலத்தோடா? பொதுவான மனநிலை மகிழ்ச்சிப் பக்கம் சாய்கிறதா, சிணுங்கற் பக்கமா? வீதியில் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் கைவேலை நின்றுவிடுகிறதா? நூலில் மணி கோர்க்கும்போது தவறினால் மீண்டும் முயல்கிறதா?

ஒன்பதாவது கூறாகிய புலன் உணர்திறனை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும். ஆசிரியைகள் மிகக் குறைவாகக் கவனிப்பது அதையே. கார்த்திகை மழை தகரக் கூரையில் விழும்போது காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை, அருகிலுள்ள கோயிலின் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கி தொடங்கியதும் மற்றவர்களைத் தள்ளத் தொடங்கும் பிள்ளை, புதிய சீருடையின் கழுத்துப்பட்டி உறுத்துவதனால் காலை முழுவதும் சிணுங்கும் பிள்ளை, இடியப்பத்தை உண்டு பிட்டைத் துப்பும் பிள்ளை ஆகிய எல்லாரும் ‘அடம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போடப்படுகின்றனர். சித்திரை, வைகாசி வெயிலில் காற்றோட்டமில்லாத அறைக்குள் பதினொரு மணிக்குமேல் நிகழும் சண்டைகளுள் எத்தனை சுபாவத்தினால், எத்தனை வெக்கையினால் என்று ஒரு கிழமை எண்ணிப் பார்க்கச் சொல்வதும் பயனுள்ள பயிற்சியாகும்.

ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கோடு வரைந்து, பிள்ளை அதில் எவ்விடத்தில் நிற்கிறது என்று புள்ளியிடச் செய்யவும். ‘இவன் கடினமான வகை’ என்று முடிவுகட்டும் பழக்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டாம். வகைப்படுத்துவது ஆய்வாளருக்கு வசதி. வகுப்பில் அது பழைய பட்டப்பெயருக்குப் புதிய சட்டை போட்டதாகிவிடும்.

இன்னொரு விளக்கமும் இங்கே தேவை. மேரி ரொத்பாட் என்னும் உளவியலாளர் சுபாவத்தை இரு பக்கமாகப் பார்த்தார்: எழும் எதிர்வினை ஒன்று, அதனைத் தானே அடக்கியாளும் திறன் மற்றொன்று. இரண்டாவது திறன் முன்பள்ளி வயதிலேதான் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றரை வயதுப் பிள்ளை “பொறு” என்றதும் பொறுக்கவில்லை என்றால், அது கீழ்ப்படியாமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அத்திறன் இன்னும் வந்து சேரவில்லை என்பதே பல வேளைகளில் காரணம்.

நான்காம் படி: ஆசிரியை தன்னைத் தானே பார்த்தல்

அதே கோடுகளில் ஆசிரியைகள் தமக்கும் புள்ளியிட வேண்டும். அத்தாளை வளவாளர் வாங்கிப் பார்க்கக் கூடாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடவும். விரைந்து பேசி விரைந்து நடக்கும் ஆசிரியைக்கு, கேட்ட கேள்விக்கு அரை நிமிடம் கழித்து வாய்திறக்கும் பிள்ளை எரிச்சலைத் தரும். ஒழுங்கும் அமைதியும் விரும்பும் ஆசிரியைக்குத் துடியாட்டமான பிள்ளை பகைபோலத் தெரியும். இதில் குற்றம் எதுவுமில்லை. எந்தச் சுபாவம் தன்னை எளிதிற் களைக்கச் செய்கிறது என்பதை அறிந்த ஆசிரியை, அந்த வேளையில் உடனிருக்கும் மற்ற ஆசிரியையிடம் பிள்ளையைச் சற்று நேரம் ஒப்படைக்கலாம். ஒரே முன்பள்ளியிலிருந்து இருவர் வரவேண்டும் என்று முதற் படியில் வலியுறுத்தியதன் இன்னொரு பயன் இதுவாகும்.

ஐந்தாம் படி: பேசாத பிள்ளைக்கான பயிற்சி

ஹார்வார்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், புதிய ஒலி, புதிய காட்சி ஆகியவற்றுக்குக் கைகாலை உதறி அழுத குழந்தைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராக இருந்தனர். பின்னாளில் கூச்சமும் தயக்கமும் கூடிய பிள்ளைகள் பலர் அவர்களிடையே இருந்தே வந்தனர். ஆயினும் எல்லாரும் அப்படி ஆகவில்லை. பெற்றோர் எதிலிருந்தும் பிள்ளையை மறைத்துக் காக்காமல், சிறிது சிறிதாகப் புதியவற்றைச் சந்திக்க விட்ட இடங்களில் தயக்கம் குறைந்தது. ஆகவே முழுதாக விட்டுவிடுவதும் பிழை, இழுத்து நடுவில் நிறுத்துவதும் பிழை.

ஊரின் எதிர்பார்ப்பு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை ஸின்யின் சென் என்னும் ஆய்வாளர் சீனாவில் செய்த வேலை காட்டுகிறது. 1990 இல் அங்கு கூச்சமுள்ள பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களும் சகபாடிகளும் நன்கு மதித்தனர். சந்தைப் பொருளாதாரம் வேரூன்றிய 2002 இல், நகர்ப்புறத்தில் அதே கூச்சம் ஒதுக்கப்படுவதற்குக் காரணமாகியிருந்தது. நமது பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நாளாந்தம் அடக்கத்துக்காகப் பாராட்டப்படும் அதே பிள்ளை, வாணி விழாவிலும் ஆண்டிறுதிக் கலைவிழாவிலும் ஒலிவாங்கியின் முன் நின்று உரத்துப் பாட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இந்தப் படிக்கான சந்திப்பில் பேச்சைவிட நடிப்பே கூடுதலாக இருக்க வேண்டும். மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் ஆசிரியையாகவும் நடிக்க, மூன்றாமவர் எழுதட்டும். முதலில் வழக்கமான முறையைச் செய்து பார்க்கவும்: “வாய் இல்லையோ? ரீச்சருக்குப் பேர் சொல்லுங்கோ பாப்பம்!” பிள்ளையாக நடித்தவரிடம், அப்போது உடம்பில் என்ன உணர்ந்தார் என்று கேட்கவும். பின் மாற்றுமுறை. ஆசிரியை பிள்ளைக்கு நேரெதிரே நில்லாமல் பக்கத்தில், அதே உயரத்துக்குத் தாழ்ந்து அமர்கிறார். பிள்ளை வைத்திருக்கும் பொருளைப் பார்க்கிறாரே தவிர முகத்தை உற்று நோக்கவில்லை. “நான் இதிலை இருக்கிறன். நீங்கள் மண் நிரப்புறதைப் பாக்கிறன்” என்று மட்டும் சொல்லி, பதிலை எதிர்பாராமல் இருக்கிறார். நடிப்பிலே இம்மௌனம் பத்து விநாடிதான் நீடிக்கும். ஆசிரியைகளுக்கு அது மிக நீண்டதாகத் தோன்றும். அதைத் தாங்கப் பழகுவதே இந்தப் படியின் சாரம்.

அடுத்து ஏணிப்படியாக ஒரு திட்டத்தை எழுத வைக்கவும். ஒரு பிள்ளைக்கு அது இவ்வாறு அமையலாம்: முதலாம் கிழமை வட்டத்துக்கு வெளியே தன் பாயில் இருந்து பார்த்தல், இரண்டாம் கிழமை மணியை அடித்துப் பாட்டைத் தொடக்கி வைக்கும் பொறுப்பு, மூன்றாம் கிழமை தனக்குப் பிடித்த ஒரு பிள்ளையோடு வட்டத்தின் ஓரத்தில் இருத்தல். பிள்ளை தயங்கினால் ஒரு படி கீழே இறங்கலாம். ஏணியை எடுத்துவிடக் கூடாது. கலைவிழாவில் திரையை இழுப்பதோ, நடனம் ஆடுவோரிடம் பூத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதோகூட மேடைப் பங்குதான் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கூறிவிடலாம்.

அமெரிக்காவில் சாண்டி மக்ளௌரி உருவாக்கிய பயிற்சித் திட்டத்தில் நான்கு சுபாவங்களுக்கு நான்கு பாவைகள் பயன்படுத்தப்படுகின்றன. நியூயோர்க்கின் வறிய பகுதிப் பாடசாலைகளில் அதைப் பரிசோதித்தபோது, கூச்சமுள்ள பிள்ளைகளின் கணிதத் திறனும் சிந்தனைத் திறனும் ஒப்பீட்டுக் குழுவிலுள்ளோரைவிட வேகமாக வளர்ந்தன. பழைய காலுறையும் இரண்டு பொத்தான்களும் இருந்தால் இங்கேயும் பாவை செய்யலாம். பாவை தயங்குவதைக் கண்டு, அதற்கு உதவி சொல்ல முன்வரும் முதற் குரல் பல வேளைகளில் தயங்கும் பிள்ளையினுடையதாகவே இருக்கும்.

ஆறாம் படி: துடியாட்டமும் பெருஞ்சினமும்

இதற்கு ஆசிரியைகள் தாமாகவே கேள்விகளோடு வருவார்கள். சுருக்கமாகச் சொன்னாலே பிடித்துக்கொள்வார்கள். அசைவு மிகுந்த பிள்ளைக்கு அசைவைத் தண்டனையாக நிறுத்தாமல் வேலையாகக் கொடுக்க வேண்டும்: பாய் விரித்தல், பூங்கன்றுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோதல், எல்லாருக்கும் கோப்பை வைத்தல். வெளி விளையாட்டைப் பறிப்பது அப்பிள்ளைக்குச் செய்யக்கூடிய மிக மோசமான தண்டனை. எஞ்சிய காலை முழுவதும் அதன் விலையை ஆசிரியையே கொடுப்பார். எடுத்ததை முடிக்காமல் விடாத பிள்ளைக்கு, “இன்னும் மூண்டு கட்டை வைச்சிட்டு வாங்கோ” என்று முடிவைக் காட்டிக் கொடுத்தால் அழுகை பாதியாகும். பலமாகச் சினக்கும் பிள்ளையிடம், அழுகை உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசக் கூடாது. குரலைத் தாழ்த்தி, அருகில் இருந்து, மூச்சு இறங்கிய பின் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடிமட்டத்தைக் காட்டி வெருட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது சினத்தை அடக்குவதில்லை. சினத்தை யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொடுக்கிறது.

ஏழாம் படி: வீட்டாரோடு பேசுதல்

தந்தை வெளிநாட்டிலும் தாய் வேலையிலும் இருக்க, அம்மம்மாவோ அப்பப்பாவோ படலைவரை கொண்டுவந்து விடும் பிள்ளைகள் இங்கே பலர். ஆகவே ‘பெற்றோர் கூட்டம்’ என்று அழைப்பதோடு நில்லாமல், தினமும் வந்து போகிறவரோடு பேசப் பழக வேண்டும். பேச்சைக் குறையிலிருந்து தொடங்கக் கூடாது. பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது அதைப் பற்றிப் பேசவே கூடாது. “அம்மம்மா, இவர் வீட்டிலை புதுச் சாப்பாடு குடுத்தால் என்ன செய்வார்?” என்று கேட்டால், ஆசிரியை அறியாத பத்து விடயங்கள் வெளிவரும். “தமையன் இப்பிடி இல்லை, அவன் கெட்டிக்காரன்” என்ற ஒப்பீடு வந்தால் மறுத்து வாதாட வேண்டாம். “தமையன் ஓடிப்போய்ப் பழகுவார், இவர் பாத்துப் பழகுவார்” என்று இருவரையும் குறைக்காத விதத்தில் திருப்பிச் சொல்லலாம்.

எட்டாம் படி: எது சுபாவம் அன்று

இப்பகுதியைத் தவிர்த்துவிட்டு நடத்தும் பயிற்சி ஆபத்தானது. எல்லாவற்றையும் ‘அது அதின்ரை சுபாவம்’ என்று விட்டுவிடும் ஆசிரியைகளை அது உருவாக்கும். சுபாவம் தொடக்கத்திலிருந்தே இருக்கும், பல இடங்களிலும் தெரியும். திடீரென மாறிய நடத்தை அப்படிப்பட்டதன்று. கலகலப்பாக இருந்த பிள்ளை ஒடுங்கிப்போவது, உடை மாற்றும்போதோ குறித்த ஒருவரைக் கண்டோ அஞ்சுவது, வந்திருந்த பேச்சை இழப்பது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதிருப்பது ஆகிய எதனையும் காத்திருந்து பார்க்கலாம் என்று விடக் கூடாது. வீட்டில் தாராளமாகப் பேசும் பிள்ளை, சேர்ந்த முதல் மாதம் கழிந்த பின்னும் முன்பள்ளியில் ஒரு மாதத்துக்குமேல் அறவே பேசாதிருந்தால், அதுவும் வெறும் கூச்சமாக இராது. காலை உணவில்லாமல் வருவதையும் தூக்கமின்மையையும் முதலில் விசாரிக்கவும். சில ‘சிணுங்கற் பிள்ளைகள்’ ஒரு கோப்பை கஞ்சிக்குப் பின் வேறு பிள்ளைகளாகிவிடுவர்.

ஐயம் எழுந்தால் நோயின் பெயரைச் சொல்வது ஆசிரியையின் வேலையன்று. அவதானக் குறிப்புகளோடு வீட்டாரை அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ வழிப்படுத்தினால் போதும். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற ஐயம் இருப்பின், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம் என்பதை ஒவ்வொரு ஆசிரியையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வகுப்பறைக்குச் சென்று பார்த்தல்

ஐந்தாவது சந்திப்புக்குப் பின் வளவாளர் ஒவ்வொரு முன்பள்ளிக்கும் இரு தடவையாவது செல்ல வேண்டும். அதிகாரிபோல் கோப்புப் பார்க்கப் போகாமல், ஒரு மூலையில் இருந்து ஆசிரியையை அவதானித்து, அவர் பிள்ளைகளைப் பற்றி எழுதப் பழகிய அதே முறையில் எழுதவும். பின்னர் இருவருமாக அக்குறிப்பை வாசித்து, அடுத்த இரு கிழமைக்கு மாற்றப்போகும் ஒரேயொரு விடயத்தைத் தீர்மானிக்கவும், இரண்டு வேண்டாம். பயிற்சி வேலை செய்கிறதா என்பதற்குப் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்களா என்று பார்ப்பது தவறான அளவுகோல். ஆசிரியையின் முதற் குறிப்பையும் இப்போதைய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

ஆண்டு முடிவில், தரம் ஒன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப்பக்கக் குறிப்பொன்றை எழுதி வீட்டாரிடம் கொடுக்கலாம். புதிய பாடசாலை ஆசிரியரிடம் அதைக் கொடுப்பதா இல்லையா என்பது அவர்களின் முடிவு. அதில் பட்டப்பெயர் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைக்கு எது விருப்பம், எது அதனைக் கலங்கச் செய்கிறது, அப்போது என்ன செய்தால் அமைதியடைகிறது என்ற மூன்று மட்டும் போதும். “முதல் நாட்களில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார், கரும்பலகை துடைக்கும் வேலை கொடுத்தால் மூன்றாம் நாள் பேசத் தொடங்குவார்” என்ற ஒரு வரி, நாற்பது பிள்ளைகளைப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும்.